ஒரு சுரம் போதும்: அறுபதுகளின் பிரிட்டிஷ் ப்ளூஸ் கிதாரை வாசிக்கப் பழகுவது

கிதார் படிக்க என்னிடம் வருகிறவர்கள் பிரிட்டிஷ் ப்ளூஸ் கிதார் கலைஞர்களான எரிக் கிளாப்டன் பெயரையோ பீட்டர் கிரீன் பெயரையோ சொன்னால் மனசு குளிர்ந்துவிடும். ஆனாலும் உடனே கிதாரை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழு 1967-ல் வெளியிட்ட 'எ ஹார்ட் ரோட்' தட்டிலிருந்து 'த சூப்பர்நேச்சுரல்' என்ற இசைத்துண்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். அதில் பாடுபவர் இல்லை. பீட்டர் கிரீனின் கிதார் ஒரு சுரத்தைப் பிடிக்கிறது, விடுவதில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் ஒலியே கம்பியைத் திரும்பத் திரும்ப அதிரவைப்பதால் அந்தச் சுரம் தேயாமல் நீண்டுகொண்டே போகிறது. அது முடிகிறவரை மூச்சு விடத் தோன்றாது.

அந்த வாசிப்பின் ஈர்ப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. வேகத்தில் இல்லை, ஸ்கேல்களில் இல்லை. ஒரு சுரத்தை எப்படித் தொடுகிறோம், எங்கே வளைக்கிறோம், எப்போது நடுங்க விடுகிறோம், எப்போது வாயை மூடிக்கொள்கிறோம் என்பதில் இருக்கிறது. இந்தக் கையேடும் அதற்குத்தான். அடிப்படைக் கார்டுகளைப் பிடிக்கத் தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம்.

அவர்கள் எப்படிக் கற்றார்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் கையை வைத்தால் பாதிதான் பிடிபடும். 1958-ல் சிகாகோவின் ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் இங்கிலாந்துக்கு வந்து மின்கிதாரை வாசித்தபோது, நாட்டுப்புற ப்ளூஸை எதிர்பார்த்து வந்த சிலருக்கு அந்தச் சத்தம் அதிர்ச்சியாக இருந்தது. இளைய காதுகளுக்கு அதுவே அழைப்பாகிவிட்டது. 1962 மார்ச்சில் அலெக்சிஸ் கோர்னரும் சிரில் டேவிஸும் மேற்கு லண்டனில் ஈலிங் ரயில் நிலையத்துக்கு எதிரே, தரைக்கடியில் ஓர் இடத்தில் ப்ளூஸ் இரவுகளைத் தொடங்கினார்கள். கூட்டத்தின் மூச்சுக் காற்று கூரையில் நீராகக் கோத்துச் சொட்டும். வாசிப்பவர்கள் நனையாமலிருக்க மேடைக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் கூட்டுப் பயணம் ஒன்று மான்செஸ்டருக்கு வந்தது. லண்டனிலிருந்து இளைஞர்கள் வேன் பிடித்துப் போய்ப் பார்த்தார்கள்.

மற்ற நாட்களில் அவர்களுக்குக் குரு இசைத்தட்டுதான். அமெரிக்கத் தட்டுகள் எளிதில் கிடைக்காது. சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்கு எழுதிப்போட்டு வரவழைத்தவர்களும் உண்டு. பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடகரான மிக் ஜாகர் அவர்களில் ஒருவர். கிடைத்த தட்டில் ஊசியைத் தூக்கி, பின்னால் வைத்து, மறுபடி தூக்கி, ஒரே வரியை நாள்கணக்கில் கேட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, எழுதிவைத்த சுரக்குறிப்பும் இல்லை. அமெரிக்க கிதார் கலைஞர் ஃப்ரெடி கிங் ஒரு கம்பியை எவ்வளவு தூரம் இழுத்தார் என்பதைக் காதால் மட்டுமே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் அவ்வளவு மரியாதை வந்தது இப்படிக் கேட்டதால்தான் என்று நான் நம்புகிறேன். நீங்களும் அதே வழியில் வாருங்கள். இணையத்தில் கிடைக்கும் டேப் தாளை (எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எழுதிய தாள்) கடைசிவரை திறக்காதீர்கள்.

முதலில் ஜோடியாகக் கேளுங்கள்

பிரிட்டிஷ் பதிவை மட்டும் கேட்டுப் பழகாதீர்கள். இந்த இசை கறுப்பின அமெரிக்கர்களுடையது. லண்டன் இளைஞர்கள் அதைக் கேட்டுத்தான் வாசித்தார்கள், தாங்கள் யாரிடம் கற்றோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார்கள். மூலத்தையும் அவர்கள் வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் அவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று புரியும்.

மூன்று ஜோடிகளைப் பரிந்துரைக்கிறேன். ஓட்டிஸ் ரஷ் 1958-ல் பதிவுசெய்த 'ஆல் யுவர் லவ்', பிறகு 1966-ல் மேயால் குழுவில் கிளாப்டன் வாசித்த அதே பாட்டு. ஃப்ரெடி கிங்கின் 'ஹைட்அவே', பிறகு அதே 1966 தட்டில் கிளாப்டன் வாசித்தது. லிட்டில் வில்லி ஜான் 1955-ல் பாடிய 'நீட் யுவர் லவ் ஸோ பேட்', பிறகு 1968-ல் பீட்டர் கிரீன் தன் ஃப்ளீட்வுட் மேக் குழுவோடு செய்தது.

'ஆல் யுவர் லவ்' ஜோடியில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். ரஷ்ஷின் பதிவில் கிதார் தள்ளி நின்று ஏங்குகிறது. கிளாப்டனின் பதிவில் அதே வரி தடித்து, முன்னால் வந்து நிற்கிறது. நடுவில் தாளம் ஷஃபிள் என்ற துள்ளல் நடைக்கு மாறும் இடம் இரண்டிலும் உண்டு. அங்கே கிளாப்டன் நுழைகிற விதத்தைக் கவனியுங்கள். பாய்ந்து வந்தது போலத் தோன்றும், ஆனால் சொற்றொடர்களுக்கு இடையே இடைவெளி விட்டிருப்பார். ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, கிதார் ஒலிக்கும் இடத்தில் கோடும் மௌனமாகும் இடத்தில் வெற்றிடமும் போட்டு வாருங்கள். சுரத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

ஒலியை அமைத்தல்

1966-ல் வந்த 'ப்ளூஸ்பிரேக்கர்ஸ் வித் எரிக் கிளாப்டன்' தட்டின் ஒலி பல கிதார் கலைஞர்களின் வாழ்க்கையையே மாற்றியது. பின்னால் இருந்த பொருட்கள் இரண்டே. ஒன்று, கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட். விற்பனை மந்தமாகி 1960-க்குப் பிறகு கிப்சன் அந்த வடிவத்தைக் கைவிட்டிருந்தது. ஃப்ரெடி கிங் ஒரு தட்டின் அட்டைப்படத்தில் லெஸ் பாலோடு நின்றதைப் பார்த்து கிளாப்டன் அதைத் தேடிப் பிடித்தார். இந்த இளைஞர்கள் வாசித்துக் காட்டிய பிறகு 1968-ல் கிப்சன் மறுபடி லெஸ் பால் செய்ய ஆரம்பித்தது. இரண்டாவது, லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் தயாரிப்பான, இரண்டு 12 அங்குல ஒலிபெருக்கிகள் கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபயர். மார்ஷலின் முதல் ஆம்புகள் ஃபெண்டர் பாஸ்மேன் சுற்றமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அந்த ஆம்புக்கு 1962 என்று பெயர். அது மாதிரி எண்தான், செய்த ஆண்டு அல்ல. பலர் குழம்புகிற இடம் இது.

வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டிலிருந்த டெக்கா பதிவுக்கூடத்தில் கிளாப்டன் மேடையில் வைக்கிற அதே சத்தத்தில்தான் வாசிப்பேன் என்று நின்றார். ஒலிப்பதிவுப் பொறியாளர் கஸ் டட்ஜனுக்கு அது சங்கடம். தயாரிப்பாளர் மைக் வெர்னன் கிளாப்டன் பக்கம் நிற்க, அப்படியே பதிவானது. வால்வு ஆம்பை அதன் எல்லைவரை தள்ளும்போது ஒலி அமுங்கித் தடிக்கிறது, சுரம் நீள்கிறது. பெடலை அழுத்தினால் வருவது இதுவல்ல.

வீட்டில் அவ்வளவு சத்தம் வைக்க முடியாது, தேவையும் இல்லை. சின்ன வால்வு ஆம்போ, நல்ல டிஜிட்டல் ஆம்போ எதுவானாலும் இப்படி அமையுங்கள். கிதாரின் வால்யூமை முழுக்கத் திறந்து, கழுத்துப் பக்கப் பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவி) தேர்ந்தெடுங்கள். மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் விளிம்பில் கரகரப்பாகவும் வருகிற புள்ளிவரை ஆம்பின் கெய்னை ஏற்றுங்கள். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்று கை துறுதுறுக்கும். ஏற்றினால் மெல்லிய மீட்டலுக்கும் அழுத்தமான மீட்டலுக்கும் வித்தியாசமே போய்விடும், அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆறடிக்கு அப்பாலிருந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டிரெபிள் காதைக் குத்தினால் ஆம்பில் குறைக்காமல் கிதாரின் டோன் குமிழில் குறையுங்கள். அதை முழுக்க அடைத்துவிட்டால் கிரீம் குழுக் காலத்தில் கிளாப்டன் 'உமன் டோன்' என்று சொன்ன அந்த உருண்டையான ஒலி கிடைக்கும்.

பீட்டர் கிரீனின் மெல்லிய, மூக்கடைத்த ஒலிக்கு வேறு காரணம். அவருடைய லெஸ் பாலில் கழுத்துப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து வாசித்தால் அவை ஒன்றுக்கொன்று எதிராக ஒலித்து, அடிப்பகுதி கரைந்து, குரல் போன்ற ஒன்று மட்டும் மிஞ்சும். அதற்காக யாரும் கிதாரைப் பிரிக்க வேண்டாம். அவர் ஒலியில் பெரும்பங்கு விரலில் இருந்தது.

கம்பி

அன்று கடையில் கிடைத்த கம்பிகள் தடித்தவை. மூன்றாவது கம்பிக்கு மேல் உலோகச் சுற்று இருக்கும். அதை வளைக்க முடியாது. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாஞ்சோவின் மெல்லிய கம்பியை முதல் கம்பியாக மாட்டினார்கள். செட்டிலிருந்த முதல் கம்பி இரண்டாவதாகவும், இரண்டாவது மூன்றாவதாகவும் இறங்கியது. மிஞ்சிய தடித்த ஆறாவதை எடுத்து வைத்துவிட்டார்கள். இப்போது மின்கிதாருக்கான பெரும்பாலான செட்டுகளில் சுற்றில்லாத மூன்றாவது கம்பியே வருகிறது. 0.010 அங்குல முதல் கம்பி கொண்ட செட்டை வாங்கினால் போதும். அதைவிட மெல்லியதில் தொடங்கினால் விரல் சோம்பேறியாகும்.

வளைத்தல்

நம் காதுக்கு இது புதிதல்ல. வீணையில் கம்பியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு சுரம் இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதன் சுகம் தெரியும். அந்தக் காதை இங்கே துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கம்பியில் 7-வது ஃப்ரெட்டில் மோதிர விரலை வையுங்கள். அது டி. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் 6, 5 ஃப்ரெட்டுகளில் அதே கம்பியில் உட்காரட்டும். கட்டை விரல் கழுத்துக்கு மேலே வளைந்து பிடிக்கட்டும். இப்போது விரல்களால் தள்ளாமல், கதவுக் கைப்பிடியைத் திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்பி, மூன்று விரலும் ஒன்றாகக் கம்பியை மேலே தள்ளட்டும். சேர வேண்டிய இடம் ஈ. சரியாகச் சேர்ந்ததா என்று இரண்டாவது கம்பியின் 5-வது ஃப்ரெட்டை மீட்டிப் பாருங்கள். அதுவும் அதே ஈ. இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்வரை விடாதீர்கள். ஒரு மயிரிழை குறைந்தாலும் கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏறும் வேகத்தையும் மாற்றிப் பாருங்கள். மீட்டியவுடன் சட்டென்று ஏறுவது ஒரு கேள்வி. மெல்ல ஊர்ந்து, இலக்கைத் தொடும்போது அடுத்த அடி விழுகிற மாதிரி ஏறுவது முற்றிலும் வேறு உணர்ச்சி. முதலிலேயே ஓசையின்றி வளைத்து வைத்து, பிறகு மீட்டி, கீழே இறக்குவது மூன்றாவது வகை. அது அழுகைக்கு ரொம்ப நெருக்கமானது. பொதுவாக மாணவர்கள் முதல் வகையோடு நின்றுவிடுகிறார்கள்.

அப்புறம் அந்தக் கால்வாசிச் சுரம். மூன்றாவது கம்பி 5-வது ஃப்ரெட்டில் சி இருக்கிறது. ஏ செவன் கார்டின் மேல் அதை ஆள்காட்டி விரலால் லேசாக, சி ஷார்ப் வரை போகாமல், நடுவழியில் நிற்கிற மாதிரி இழுங்கள். மேஜருமில்லை மைனருமில்லை. ப்ளூஸின் நிறமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நடுக்கம்

வைப்ரேட்டோதான் வாசிப்பவரின் கையெழுத்து. கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு நீண்ட சுரத்தைக் கேட்டு இது யார் என்று சொல்லிவிடலாம். கிளாப்டனுடையது அகலமாக, நிதானமாக, கட்டை விரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டுக் கை முழுதும் ஆடும்போது வருவது. அவர்கள் எல்லோரும் போற்றிய அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்குக்கு ஆள்காட்டி விரலில் கை சிறகடிக்கும். 1968-ல் ஃப்ரீ குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கோசஃபின் நடுக்கம் அடர்த்தியாகவும் பதற்றமாகவும் இருக்கும். அவர் அப்போது பதின்பருவத்தைத் தாண்டவில்லை என்பது கேட்கும்போது நினைவுக்கே வராது.

பழகும் முறை இது. இரண்டாவது கம்பியின் 10-வது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வையுங்கள், அது ஏ. மீட்டி, முதலில் ஒன்றும் செய்யாமல் விடுங்கள். சுரம் நேராக நின்று தன்னைக் காட்டிக்கொள்ளட்டும். அதன் பிறகே ஆட்டத் தொடங்குங்கள். இதை மட்டும் செய்தாலே உங்கள் வாசிப்பு மாறிவிடும், சத்தியமாக. மீட்டிய கணமே நடுக்கம் தொடங்கினால் அது பதற்றமாகத்தான் கேட்கும்.

ஆட்டுவது விரல் நுனி அல்ல, முன்கை. விரல் கம்பியில் பூட்டியபடி இருக்க, முன்கை சுழன்று திரும்பட்டும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து, ஓர் அடிக்கு மூன்று முறை சுரம் மேலே போய்த் திரும்பட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்கு ஏறி, தொடங்கிய இடத்துக்கே முழுதாக இறங்கணும். இறங்காவிட்டால் சுரம் மொத்தமாகக் கூர்மையாகி, சுருதி விலகியது போலிருக்கும். இதைச் சரிபார்க்கப் பதிவுசெய்து கேட்பதே வழி. வாசிக்கும்போது நம் காது நமக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொல்லும்.

வளைத்த சுரத்தின் மேல் வைப்ரேட்டோ கடினம். சாதாரணச் சுரத்தில் நடுக்கம் மேலே போய்த் திரும்பும். வளைத்த சுரத்தில் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி பிடிப்பதால் கீழே போய்த் திரும்பும். இலக்குச் சுரம் எப்போதும் உச்சியில் இருக்கிறது. இரண்டையும் கலந்துவிடாதீர்கள். இதற்கு மாதங்கள் ஆகலாம், ஆகட்டும்.

பன்னிரண்டு பார்

மெதுவான ப்ளூஸில் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். வாயால் 'தகிட தகிட தகிட தகிட' என்று சொல்லுங்கள். அதுதான் ஒரு பார். ஷஃபிளுக்கும் இதே 'தகிட'தான், நடு எழுத்தை விழுங்கிவிட வேண்டும்.

ஏ சுருதியில் கார்டுகள் இப்படிப் போகும்: முதல் பார் ஏ செவன், இரண்டாவது டி செவன், மூன்றும் நான்கும் ஏ செவன், ஐந்தும் ஆறும் டி செவன், ஏழும் எட்டும் ஏ செவன், ஒன்பது ஈ செவன், பத்து டி செவன், பதினொன்று ஏ செவன், பன்னிரண்டில் ஈ செவனுக்குத் திரும்பி மறுபடி முதலுக்கு.

தனி வாசிப்புக்கு மைனர் பென்டாடானிக் ஸ்கேலின் ஐந்து சுரங்கள் போதும்: ஏ, சி, டி, ஈ, ஜி. ஆனால் கார்டு மாறுவதைக் காது கேட்கிறதா என்பதை ஓர் இடத்தில் காட்டியே ஆக வேண்டும். நான்காவது பாரின் முடிவில் மூன்றாவது கம்பி 6-வது ஃப்ரெட்டில் சி ஷார்ப்பை வாசியுங்கள். அது ஏ செவனின் சொந்தச் சுரம். ஐந்தாவது பார் விழும்போது ஒரு ஃப்ரெட் கீழே சி-க்கு இறங்குங்கள். அது டி செவனின் சொந்தச் சுரம். அரைச் சுரம்தான் நகர்ந்தீர்கள், ஆனால் பின்னால் வாத்தியக்குழு இல்லாமலே கார்டு மாறியது கேட்கும். நல்ல வாசிப்பாளர்கள் எல்லோரிடமும் இந்த நகர்வு ஏதோ ஒரு வடிவில் இருக்கும்.

வாயை மூடிக்கொள்ளும் இடம்

ப்ளூஸ் பாட்டில் ஒரு வரி வரும், அதே வரி மறுபடி வரும், மூன்றாவதாகப் பதில் வரும். நான்கு நான்கு பாராக மூன்று பகுதிகள். பாடகர் ஒவ்வொரு பகுதியிலும் முதல் இரண்டு பாரில்தான் பாடுவார். மீதி இரண்டு பார் கிதாருக்கு. பீட்டர் கிரீன் தானே பாடி, தானே பதிலும் வாசித்தவர். அவர் குரல் நிற்கும் இடமும் கிதார் தொடங்கும் இடமும் ஒரே மனிதரின் ஒரே மூச்சாக இருக்கும்.

ஆகவே கிதாரை எடுக்கும் முன் வாயால் பாடுங்கள். வார்த்தை வேண்டாம், 'ம்' போதும். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே சொற்றொடர் முடிய வேண்டும். பாட முடியாத நீளத்துக்கு வாசிக்காதீர்கள். விரல்களுக்கு மூச்சு வாங்காது என்பதுதான் கிதாரின் ஆபத்து.

இதற்கு மேல்

கிளாப்டன் 1966-ல் கிரீம் தொடங்கப் போனதும் மேயால் பீட்டர் கிரீனைக் கொண்டுவந்தார். கிரீன் 1967-ல் விலக, 18 வயது மிக் டெய்லர் வந்தார். 1969-ல் ரோலிங் ஸ்டோன்ஸுக்குப் போகும்வரை இருந்தார். மூவரையும் இந்த வரிசையிலேயே கேளுங்கள். முதலாமவரிடம் தாக்குதல், இரண்டாமவரிடம் அடக்கம், மூன்றாமவரிடம் வழுக்கிப் போகும் மென்மை. ஒருவரைப் பின்பற்ற வேண்டுமானால் யாரை என்று கேட்டால் கிரீனைத்தான் சொல்வேன். அவரிடம் மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை, அதனால் கற்பவரும் மறைத்துக்கொள்ள முடியாது. ஸ்லைடு (கம்பியின் மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) பிடிக்கும் என்றால், அமெரிக்க ஸ்லைடு கலைஞர் எல்மோர் ஜேம்ஸைத் தன் கைகளில் கொண்டுவந்த ஜெரமி ஸ்பென்சரைத் தொடக்கக்கால ஃப்ளீட்வுட் மேக் பதிவுகளில் கேளுங்கள். அதே தலைமுறையின் ஜெஃப் பெக்கை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவர் ப்ளூஸிலிருந்து கிளம்பி வேறெங்கோ போய்விட்டவர். அந்தப் பாதைக்கு வேறு பயிற்சி வேண்டும்.

இந்த வாரத்துக்கான வேலை: மேலே சொன்ன கார்டுகளை மெதுவாக வாசித்துக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். அதன் மேல் ஒரு சுற்று, ஏ என்ற ஒரே சுரத்தை மட்டும் வைத்து வாசியுங்கள். வளைத்து வந்தும், நேராக நின்றும், நடுங்கியும், மெலிந்தும், அழுத்தியும் பன்னிரண்டு பாரையும் அதை வைத்தே கடக்க வேண்டும். அடுத்த சுற்றில் சி-யைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது சுரத்தை, முதல் இரண்டும் உங்களுக்கே கேட்கப் பிடித்த பிறகு எடுங்கள்.